கெலர் அண்ணை

சுவிஸில் குப்பை போடுவதற்கும் படிப்பு வேண்டும். போத்தலை நிறம் பிரித்துப் போட வேண்டும். அதை ஞாயிற்றுக்கிழமை செய்தால் பக்கத்து வீட்டு யன்னல் திறக்கும். பழைய கொம்பியூட்டரை எலெக்ட்ரோனிக் கடையில் சும்மா கொடுத்துவிடலாம். அதன் பாடைச் செலவை வாங்கும்போதே எங்களிடம் கறந்திருப்பார்கள். இத்தனை வசதி இருந்தும் ஒரு சி.டி.யைக்கூட எறியாத ஆள் ஒருவர் எல்லா ஊரிலும் இருக்கிறார். நாங்கள் அவரைக் கெலர் அண்ணை என்போம்.

கெலர் என்றால் நிலவறை. அணுகுண்டுக்குப் பயந்து 1963இல் சட்டம் போட்டு, வீடுகளுக்கு அடியில் கொங்கிறீட் கதவோடு கட்டத் தொடங்கினார்கள். குண்டு விழவில்லை. வெள்ளைக்காரர் அங்கே வைனும் பனிச்சறுக்குக் கட்டையும் வைக்கிறார்கள். அண்ணையிடம் இருப்பது விண்டோஸ் 95இன் 13 பிளொப்பி (ஏழாவதைக் காணவில்லை, தேடிக்கொண்டிருக்கிறார்), எக்ஸ்பியின் சேர்விஸ் பேக் ஒன்று, இரண்டு, மூன்று. எக்ஸ்பியை மைக்ரோசொஃப்ட் 2014 ஏப்ரலிலேயே கைகழுவிவிட்டது. அண்ணை இன்னும் துடக்குக் கழிக்கவில்லை.

"அப்பா, ஒண்டில இருக்கிறதெல்லாம் ரெண்டுக்குள்ள இருக்கு. ஒண்டை எறியுங்கோவன்" என்றாள் மகள்.

"ரெண்டு கீறுப்பட்டால்?"

"மூண்டு இருக்குதுதானே?"

"மூண்டைப் போடுறதெண்டால் ஒண்டோ ரெண்டோ முதல் போட்டிருக்க வேணும், பிள்ளை. படி இல்லாமல் மாடிக்கு ஏறுறதோ?"

தொழில்நுட்பப்படி அவர் சொன்னது சரி. அதுதான் அந்த வீட்டின் துன்பம்.

லொசானில் பழைய கணினிகளுக்கு மியூசியம் இருக்கிறது, அங்கே கொடுங்கள் என்று நானும் சொல்லிப் பார்த்தேன். "தேவைப்பட்டால் திருப்பித் தருவினமோ?" என்றார்.

ஒரேயொரு பிளொப்பியில் மட்டும் நானும் அவர் கட்சி. அதில் பாமினி எழுத்துருவும், அவருடைய கலியாணக் கார்ட்டும் இருக்கின்றன. பாமினி இல்லாத கணினியில் அந்தக் கார்ட்டைத் திறந்தால் 'தமிழ்' என்ற சொல் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று நிற்கும்; மாப்பிள்ளை பெயர் எப்படி நிற்கும் என்பதைச் சபையில் சொல்ல முடியாது.

ஆனால் வீட்டில் பிளொப்பி போடும் துளை எதிலும் இல்லை. போன மாதம் யுஎஸ்பியில் செருகும் பிளொப்பி டிரைவ் ஒன்று வாங்கினார். பெட்டியைப் பிரித்ததும் முகம் மலர்ந்தது. உள்ளே, விண்டோஸ் 98க்கான டிரைவர் சி.டி.

உறையோடு எடுத்துக்கொண்டு கெலருக்கு இறங்கிவிட்டார்.