சைபர் விரதம்

நேற்று காலை கிரெடிட் கார்டு ஸ்டேட்மென்ட் வந்தது. கட்ட வேண்டிய மொத்தத் தொகை: 3 ரூபாய் 60 பைசா.

இதைப் படித்ததும் 'ஐயையோ' என்று நெஞ்சில் கை வைத்தவர்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை. 'அதுக்கென்ன, கட்டிட்டுப் போக வேண்டியதுதானே' என்று கேட்பவர்கள் பக்கத்தைப் புரட்டிவிட்டு ராசிபலனுக்குப் போகலாம். அவர்கள் ட்யூ டேட்டுக்குக் கட்டுகிற ரகம். நாம் ஸ்டேட்மென்ட் டேட்டுக்கு முன்னாலேயே கட்டுகிற ரகம். பில்லே வராத பில்லுக்குப் பணம் கட்டும் நம் சுகம் அவர்களுக்குப் புரியாது. இப்படி மெனக்கெட்டு சைபர் கொண்டுவருவதில் என்ன லாபம் என்பதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். அதற்கு வருகிறேன். முதலில் இந்த 3 ரூபாய் 60 பைசாவை ஒரு கை பார்த்துவிடலாம்.

கார்டைத் தேய்த்து 2,000 ரூபாய்க்குப் பெட்ரோல் போட்டேன். பங்க்கில் கொடுத்த சீட்டில் 2,000 என்றுதான் இருந்தது. ஆப்பைத் திறந்தேன். அங்கேயும் 2,000. கட்டினேன். பாக்கி சைபர். நிம்மதியாகத் தூங்கினேன். நான் தூங்கும்போது சர்சார்ஜ் என்று ஒன்று கிளம்பி வந்திருக்கிறது. பெட்ரோலுக்கு ஒரு சதவீதம், அதாவது 20 ரூபாய். அந்த 20 ரூபாய்க்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி, அது 3 ரூபாய் 60 பைசா. எங்கள் வங்கி ரொம்பப் பெருந்தன்மையானது. சர்சார்ஜைத் தள்ளுபடி செய்வதாக விளம்பரம் கொடுத்திருக்கிறார்கள். சொன்னபடி 20 ரூபாயைத் திருப்பிப் போட்டுவிட்டார்கள். ஜிஎஸ்டியை மட்டும் போடவில்லை. வாங்காத கட்டணத்துக்கு வரி எப்படி என்று கஸ்டமர் கேரில் கேட்டேன். "சார், அது கவர்ன்மென்ட்டுக்குப் போறது" என்றார் அந்தத் தம்பி, கவர்ன்மென்ட் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருக்கிற மாதிரி குரலைத் தாழ்த்தி. கட்டணத்தையே தள்ளுபடி செய்துவிட்ட பிறகு வரி எதற்கு என்றேன். "வேற ஏதாவது உதவி வேணுங்களா சார்?" என்றார்.

இதில் என்னை எரிச்சல்படுத்துவது பணம் இல்லை. அது வந்த நேரம். மொய் நோட்டை மூடிக் கணக்குப் பார்த்துக் கையெழுத்தும் போட்ட பிறகு கவரோடு வந்து நிற்கும் ஒன்றுவிட்ட சித்தப்பா மாதிரி, ஸ்டேட்மென்ட்டுக்கு முந்தின ராத்திரிதானா வர வேண்டும்?

என் ஸ்டேட்மென்ட் தேதி 16. கடையில் தேய்த்த தொகை கணக்கில் ஏற ஒரு நாளாகும், சமயத்தில் இரண்டு நாளாகும். ஆகவே 13-ஆம் தேதி ராத்திரியோடு எங்கள் வீட்டில் கார்டுக்கு நடை சாத்திவிடுவேன். மறுபடி திறப்பது 17 காலை. இடையில் மளிகை, மருந்து, மொபைல் ரீசார்ஜ் எதுவானாலும் ரொக்கம், இல்லாவிட்டால் சேமிப்புக் கணக்கிலிருந்து யுபிஐ. வீட்டில் இது எல்லோருக்கும் பழகிவிட்டது. யாராவது செருப்பு வாங்க வேண்டும் என்றால், "அப்பாவுக்குப் பதினாறு தாண்டட்டும்" என்கிறார்கள்.

இருந்தும் ஓட்டை விழத்தான் செய்கிறது. ராத்திரி பதினொன்றரைக்குப் பையனுக்குப் பசிக்கும். சமையலறையில் தோசை மாவு இருக்கும், நேற்றைய சப்பாத்தி இருக்கும். அவனுக்குப் பரோட்டாதான் வேண்டும். ஆப்பில் அவன் விரல் படும் இடத்தில் என் கார்டு சேமித்து வைக்கப்பட்டிருக்கும். "நூத்தியெண்பது ரூபாதாம்ப்பா" என்பான். நூற்றெண்பதோ பதினெட்டோ, சைபர் போனது போனதுதானே?

அடுத்தது தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் சந்தாக்கள். பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்னால் தகவல் சொல்ல வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. தகவல் வரத்தான் செய்கிறது. யார் பார்ப்பது? மகள் எப்போதோ கொரிய மொழி கற்க ஆரம்பித்து, இரண்டாம் பாடத்தில் நிறுத்திவிட்டாள். சந்தா நிறுத்தவில்லை. அது பாட்டுக்கு மாதம் தவறாமல் 15-ஆம் தேதி படித்துக்கொண்டிருக்கிறது.

இதையெல்லாம் சமாளித்துவிடலாம். சமாளிக்க முடியாதது ரீஃபண்ட். மனைவி ஆன்லைனில் ஒரு புடவை வாங்கினாள். 1,249 ரூபாய். நான் உடனே கட்டினேன், சைபர். கலர் படத்தில் இருந்த மாதிரி இல்லை என்று திருப்பி அனுப்பினாள். பணம் திரும்பி வந்து கணக்கு சைபரைத் தாண்டி அந்தப் பக்கம் போய்விட்டது, மைனஸில் 1,249. "நல்லதுதானேங்க, அவங்கதான் நமக்குத் தரணும்" என்றாள். அவளுக்கு எப்படிப் புரியவைப்பது? எனக்கு வேண்டியது சைபர். மேலேயும் கூடாது, கீழேயும் கூடாது. அந்த 1,249-ஐ அழிக்க 15-ஆம் தேதி கடை கடையாகச் சரியாக அதே தொகைக்குப் பொருள் தேடியதை இங்கே விவரிக்க விரும்பவில்லை. வீட்டில் இன்னும் மூன்று டப்பா ஓட்ஸ் பிரிக்காமல் கிடக்கிறது.

நேற்று வந்த 3 ரூபாய் 60 பைசாவுக்குக் கோபத்தில் 4 ரூபாயாகக் கட்டிவிட்டேன். இப்போது வங்கி எனக்கு 40 பைசா பாக்கி. ஒரு சுற்று முழுக்க வட்டியில்லாமல் வைத்திருக்கப் போகிறார்கள். என் பாக்கிக்கு மட்டும் மாதம் மூன்றரை சதவீதம், வருடத்துக்கு 42 சதவீதம், அதன் மேல் ஜிஎஸ்டி வேறு. அவர்களுடைய ட்யூ டேட் எப்போது? தாமதக் கட்டணம் உண்டா? நான் கடனைத் திருப்பிக் கட்டும் லட்சணத்துக்கு மார்க் போட நாட்டில் நான்கு கம்பெனிகள் இருக்கின்றன. வங்கி எனக்குத் திருப்பித் தரும் லட்சணத்துக்கு மார்க் போட ஒருவர்கூட இல்லை.

மார்க் என்றதும் ஞாபகம் வருகிறது, லாபத்தைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன் அல்லவா? சிபில் ஸ்கோர் 300-இல் தொடங்கி 900-இல் முடிகிறது. 750-க்கு மேல் இருந்தால் மரியாதை. லிமிட்டில் 30 சதவீதத்துக்குள் செலவை வைத்துக்கொள்ளுங்கள் என்பது பொதுவான உபதேசம். ஒரு லட்சம் லிமிட்டில் 42,000 ரூபாய்க்கு ஃபிரிட்ஜ் வாங்கி, ஒரு பைசா பாக்கியில்லாமல் கட்டினாலும், ஸ்டேட்மென்ட்டில் 42,000 நின்றால் இவன் கடனில் தத்தளிக்கிறான் என்று ஒரு கம்ப்யூட்டர் நினைத்துக்கொள்ளும். அதற்காகத்தான் முன்கூட்டியே கட்டி மறைப்பது. இந்த லட்சணத்தில், 2025 ஜனவரி 1 முதல் மாதத்துக்கு இரண்டு முறை, 15-ஆம் தேதி நிலவரத்தையும் மாதக் கடைசி நிலவரத்தையும் அனுப்ப வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. என் தேதியோ 16. ஆக 15-இலும் சைபர், 16-இலும் சைபர், 30-இலும் சைபர். பேசாமல் கார்டைப் பீரோவில் பூட்டிவிடலாம். பூட்டினால், பயன்படுத்தாத கார்டு என்று அவர்களே மூடச் சொல்லிக் கடிதம் போடுகிறார்கள்.

சரி, இவ்வளவு செய்து ஸ்கோர் எங்கே நிற்கிறது? மூன்று இடத்திலும் சைபர் காட்டிய மாதம் 788-லிருந்து 784-க்கு இறங்கியது. எதற்காக நான்கு மார்க் குறைத்தார்கள் என்று பேப்பரைத் திருத்தியவரிடம் கேட்க முடியாது. ஆபீஸ் நண்பர், "முழுசா சைபர் காட்டக்கூடாது சார், கார்டு யூஸ் பண்றோம்னு தெரியணும். கொஞ்சம் விட்டு வைக்கணும்" என்றார். எவ்வளவு விடுவது? அவர் யோசித்து, "ஒரு நானூறு, ஐநூறு" என்றார், கடவுள் உண்டியல் கணக்கில்.

என் அப்பா ஆயுளில் கடன் வாங்கியதில்லை. சைக்கிளைக்கூடச் சீட்டு எடுத்துத்தான் வாங்கினார். அவர் இன்று இருந்து சிபில் பார்த்தால் மைனஸ் ஒன்று என்று வரும். கடன் சரித்திரமே இல்லாதவர்களுக்கு அதுதான் மார்க். அறுபது வருடம் யாரிடமும் கை நீட்டாதவர் மைனஸ் ஒன்று. பரோட்டாவைக் கடனில் தின்கிற எங்கள் குடும்பம் 784.

மகாராஷ்டிரத்தில் அகோலா பக்கம் மூர்த்திசாபூரில், 2025-இல், நிச்சயம் வரை வந்த கல்யாணம் மாப்பிள்ளையின் சிபில் சரியில்லை என்று நின்றுபோனதாகப் பத்திரிகைகளில் வந்தது. பெண்ணின் மாமா ஒருவர் கேட்டுப் பார்த்தாராம். அதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் ஆற்றாமையாக இருந்தது. என்னைப் பெண் பார்க்க அழைத்துப் போனபோது கேட்டதெல்லாம் சம்பளம் எவ்வளவு, முட்டை சாப்பிடுவாரா என்பதுதான். இப்போது ஸ்கோர் இருக்கிறது, கேட்கத்தான் ஆளில்லை.

மச்சினன் ஒருவன் இருக்கிறான். ஆட்டோ பே போட்டு வைத்திருக்கிறான். எப்போது வேண்டுமானாலும் தேய்ப்பான். ட்யூ டேட் அன்று முழுத் தொகையும் தானாகப் போகும். ஸ்டேட்மென்ட் என்றைக்கு வரும் என்றே அவனுக்குத் தெரியாது. வங்கி கொடுக்கிற நாற்பத்தைந்து, ஐம்பது நாள் வட்டியில்லாத் தவணையைக் கடைசி நாள் வரை அனுபவிக்கிறான். நானோ 40,000 ரூபாயை இருபது நாள் முன்னால் கொண்டுபோய்க் கொட்டுகிறேன். சேமிப்புக் கணக்கின் இரண்டரை சதவீத வட்டியில் கணக்குப் போட்டால்கூட 55 ரூபாய் நஷ்டம். அவன் ஸ்கோர் 806.

"ஏன் மாமா, லோன் எதுவும் எடுக்கப் போறீங்களா?" என்று கேட்டான்.

இல்லை என்றேன். வீட்டுக் கடன் முடிந்துவிட்டது. கார் கடனும் முடிந்துவிட்டது.

"அப்புறம் எதுக்கு ஸ்கோரு?"

இதற்குச் சரியான பதில் என்னிடம் இருந்தது. சொல்ல வாயெடுப்பதற்குள் போன் வந்தது. மத்தியானம் இரண்டரை மணிக்கு அது வந்துவிடும். எந்த வங்கியிலிருந்தோ ஒரு பெண். எனக்கு ஐந்து லட்சம் ரூபாய் பர்சனல் லோன் ஏற்கனவே சாங்ஷன் ஆகிவிட்டதாம், நான் சரி என்று சொன்னால் போதுமாம். எரிந்து விழ வாயைத் திறந்தேன்.

"உங்க ஸ்கோர் ரொம்ப நல்லா இருக்குங்க சார்" என்றாள்.

இத்தனை வருடத்தில் இதை வாய்விட்டுச் சொன்ன முதல் ஆள். மச்சினனுக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரைப் போட்டேன். வட்டி எவ்வளவு, எத்தனை மாதத் தவணை, முன்கூட்டியே அடைத்தால் அபராதம் உண்டா என்று சாவகாசமாக விசாரித்தேன். மறுபடியும் ஒரு தடவை ஸ்கோரைப் பற்றிச் சொன்னாள். கடன் வேண்டாம் என்றதும் பட்டென்று வைத்துவிட்டாள். நாளை வேறொரு பெண் கூப்பிடுவாள்.