பாலம் இறங்கும் இடம்

1908 முதல் 1918 வரை புதுச்சேரியில் குடியிருந்த பாரதி, சிங்களத் தீவுக்குப் பாலம் போடப் பாட்டில் கனவு கண்டவர். அந்தப் பாட்டை வகுப்பில் நடத்திவிட்டு, 'நாட்டின் எதிர்காலத்தை எழுதுங்கள்' என்றால், தேங்காய்த்திட்டுப் பிள்ளைகள் பாலத்தை நேரே அமெரிக்காவின் நியூஜெர்சியில் இறக்குகிறார்கள். குறை சொல்ல முடியுமா? புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது, 1962 ஆகஸ்டில் தொடங்கிய ஆறு மாதக் கெடுவுக்குள், பிரெஞ்சுக் குடியுரிமையே வேண்டுமென்று கொள்ளுத்தாத்தாக்கள் எழுதிக் கொடுத்த ஊர் இது. பிரெஞ்சு பென்ஷன் இன்னும் வந்துகொண்டிருக்கிறது. அமெரிக்காவுக்கு அவ்வளவு தாராள மனசில்லை. 2025-இல் புது எச்-1பி வேலை விசாவுக்கு 1,00,000 டாலர் கட்டு என்றது.

கடைசி பெஞ்சுப் பையன், மீன்பிடித் துறைமுகத்துப் பிள்ளை, வெற்றுத் தாளை நீட்டினான்.

"ஏன்டா?"

"நம்ம இறாலுக்கே 50 சதவீதம் வரி போட்டாங்க மிஸ். என்னைய சும்மா உள்ள விடுவாங்களா?"