94-ஐத் தாண்டாத வேகம்

200 எம்பிபிஎஸ் திட்டத்துக்குப் பணம் கட்டுகிறேன். எப்போது சோதித்தாலும் 93, 94 தான். கம்பெனிக்காரர்கள் ஏமாற்றுகிறார்களா? (கிளியூர்)

அந்த 94-லேயே விடை இருக்கிறது, அண்ணே. லைனில் கோளாறு என்றால் எண் 60, 85, 70 என்று ஆடும். அடித்து வைத்த ஆணி மாதிரி 94-ல் நின்றால், வழியில் எங்கோ 100 எம்பிபிஎஸ் வாசல் ஒன்று இருக்கிறது. மீதி ஐந்தாறு, தகவலைப் பொட்டலம் கட்டி அனுப்பும் கணக்கில் போய்விடும். விலை குறைந்த ரூட்டர் பலவற்றில் அட்டைப்பெட்டி மேல் 1200 என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். அது 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்ற இரண்டு அலைவரிசையின் வேகத்தையும் கூட்டிச் சொன்னது. பின்னால் ஒயர் சொருகும் ஓட்டையோ வெறும் 100. அது 'கிகாபிட்' தானா என்று பாருங்கள். இல்லையென்றால் ரூட்டரை மாற்றத்தான் வேண்டும்.

கிகாபிட்தான் என்றால் ஒயரைப் பாருங்கள். உங்கள் ஊரிலேயே ஒரு தோட்டத்து வீட்டில், பைபர் பெட்டிக்கும் ரூட்டருக்கும் நடுவில் இருந்த ஒயரின் கிளிப்பைக் கண்ணருகே வைத்து டார்ச் அடித்துப் பார்த்தேன். எட்டுக் கம்பி இருக்க வேண்டிய இடத்தில் ஆரஞ்சு ஜோடியும் பச்சை ஜோடியும் மட்டும் தெரிந்தன. நீலமும் பழுப்பும் உறையோடு நறுக்கப்பட்டிருந்தன. நாலு கம்பிக்கு 100 தான் வரும். அதற்கு மேல் போக எட்டும் வேண்டும். புதுக் கிளிப் வைத்து எட்டையும் சேர்த்து அடித்ததும் எண் 190-ஐத் தாண்டியது. ரூட்டர் பழையதுதான். 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கிச் சேலத்தில் புதுப் பெட்டி வாங்கக் கிளம்பியிருந்தவர், பையைக் கீழே வைத்துவிட்டுக் காபி போடச் சொன்னார்.

தாத்தா காலத்துக் கருங்கல் வீடு. கூடத்தில் நெட் பறக்கிறது. சமையலறையில் வாட்ஸ்அப் படம்கூட இறங்கவில்லை. ஆறு ஆன்டெனா ரூட்டர் வாங்கட்டுமா? (செம்மநத்தம்)

வேண்டாம்மா. ஒன்றரை அடிக் கருங்கல்லுக்கு ஆன்டெனா எண்ணிக்கை ஒரு பொருட்டில்லை. ரூட்டர் எவ்வளவு உரக்கப் பேசினாலும் போன் பதில் சொல்ல வேண்டும். அதன் குரல் சின்னது, சுவரிலேயே செத்துப்போகும். 2018 அக்டோபரில் மத்திய அரசு 5 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் 605 மெகாஹெர்ட்ஸ் இடத்தை உரிமம் இல்லாமல் பயன்படுத்தத் திறந்துவிட்டது. கூடத்தில் உங்களுக்குக் கிடைக்கும் வேகம் அந்த அலைவரிசையில் வருவதுதான். ஆனால் சுவரைக் கண்டால் முதலில் சுருண்டுகொள்வதும் அதுவே. 2.4 கொஞ்சம் ஊடுருவும், ஆனால் மெதுவாகத்தான்.

முதலில் ரூட்டர் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். இரும்பு பீரோவுக்குப் பின்னாலோ டிவிக்கு அடியிலோ இருந்தால் வெளியே எடுங்கள். ஆள் உயரத்துக்கு மேலே, சமையலறை வாசல் நேராகத் தெரியும் இடத்தில் மாட்டுங்கள். கல்லைத் துளைக்க முடியாத அலை, திறந்த வாசல் வழியாகத் தாராளமாகப் போகும். அப்படியும் போதவில்லை என்றால் கூடத்திலிருந்து சமையலறைப் பக்கம் ஒரு லேன் ஒயர் இழுத்து, அதன் முனையில் இன்னொரு ரூட்டரை வையுங்கள். பரணில் கிடக்கும் பழையதே போதும். அதில் டிஹெச்சிபி-யை அணைத்து, உள் எண்ணை முதல் ரூட்டரின் எண்ணோடு மோதாதபடி மாற்றி, ஒயரை லேன் ஓட்டையில் சொருகினால் தீர்ந்தது. கடையில் ரிப்பீட்டரை நீட்டுவார்கள். அதில் பெரும்பாலானவை ஒரே அலைவரிசையில் வாங்கி அதிலேயே திருப்பிக் கொடுப்பவை, வேகம் பாதியாகும். ஒயர் இழுக்க வழியே இல்லாத வீட்டுக்குத்தான் அது.

மூடுபனி இறங்கினால் நெட் சுற்ற ஆரம்பிக்கிறது. பனிதானே காரணம்? (ஏற்காடு)

பனி மேல் பழி போடாதீர்கள். பைபரில் போவது கண்ணாடி இழைக்குள் ஓடும் ஒளி. வெளியே மூடினாலும் திறந்தாலும் அதற்கு ஒன்றுதான். பனியோடு வரும் காற்றைச் சந்தேகியுங்கள். சில்வர் ஓக் கிளை உரசி இழை இழுபடும், மடங்கும். பெட்டியில் எல்ஓஎஸ் விளக்கு சிவப்பாகக் கண்சிமிட்டினால் உங்கள் ரூட்டருக்குச் சம்பந்தமே இல்லை. லைன்மேனைத்தான் கூப்பிட வேண்டும். விளக்கு சரியாக இருந்தும் நின்று நின்று வந்தால் கரண்ட்டைக் கவனியுங்கள். கண்ணிமைக்கும் நேரம் கரண்ட் போனாலும் பெட்டி முழுதாக எழுந்திருக்க இரண்டு மூன்று நிமிடம் ஆகும். 12 வோல்ட் மினி யுபிஎஸ் ஒன்று வைத்தால் அந்தத் தொல்லை விட்டது. மலை வீட்டுக்கு ரூட்டரை விட அதைத்தான் முதலில் வாங்கச் சொல்வேன்.

100 எம்பிபிஎஸ் என்கிறார்கள். சினிமா இறங்கும்போது 12 தான் காட்டுகிறது. (சேலம்)

எட்டால் வகுத்துப் பாருங்கள். அவர்கள் சொல்வது பிட், உங்கள் திரை காட்டுவது பைட். முழுசாகத்தான் வருகிறது.

காபி காயவைக்கும் களத்தில் கேமரா வேண்டும். வீட்டிலிருந்து 80 மீட்டர், நடுவில் மரங்கள். எந்த ரூட்டர் எட்டும்? (நாகலூர்)

எந்த ரூட்டரையும் நம்பாதீர்கள். இலையில் இருப்பது தண்ணீர். மழை நனைத்துவிட்டால் இன்னும் தண்ணீர். அலையை அது குடித்துவிடும். கோடையில் ஓடியது ஐப்பசியில் ஓடாது. லேன் ஒயர் 100 மீட்டர் வரை எட்டும்தான். ஆனால் இடி இறங்கும் மலையில் இரண்டு கட்டடத்துக்கு நடுவே செம்புக் கம்பி இழுக்காதீர்கள். பக்கத்தில் மின்னல் விழுந்தாலே இரண்டு முனையிலும் இருக்கும் கருவி கருகலாம். இரும்புக் கம்பி கலக்காத பைபர் இழுத்து, இரு முனையிலும் கன்வெர்ட்டர் வையுங்கள். கண்ணாடி மின்சாரத்தைக் கடத்தாது.

ஹோம்ஸ்டே நடத்துகிறேன். வார நாளில் நன்றாக இருக்கும் வைஃபை, சனி ஞாயிறு படுத்துவிடுகிறது. (ஒண்டிக்கடை)

உங்கள் தெருவில் எல்லா விடுதியும் அன்றுதான் நிரம்பும். 2.4-ல் ஒன்றோடொன்று இடிக்காத சேனல் 1, 6, 11 என்று மூன்றே. அதில்தான் மொத்தத் தெருவும் பேசுகிறது. விருந்தினரை 5-க்கு மாற்றுங்கள். உங்கள் பெட்டி 2.4 மட்டுமே தெரிந்த பழையது என்றால், தயங்காமல் வைஃபை 6 வாங்குங்கள். ஒரே நேரத்தில் பல போன்களுக்கு முறை பிரித்துக் கொடுக்கவே அது வந்தது. இந்தப் பகுதியில் புது ரூட்டர் கட்டாயம் தேவைப்படுவது உங்களுக்குத்தான்.

வைஃபை 7?

வீட்டில் அதைப் பேசத் தெரிந்த போன் எத்தனை என்று எண்ணிவிட்டுக் கேளுங்கள்.

ஆன்லைன் தேர்வு பாதியில் அறுந்துவிட்டது. அடுத்தது வரும் திங்கள். அப்பாவிடம் புது ரூட்டர் கேட்கத் தயக்கமாக இருக்கிறது. (கல்லூரி மாணவி, கிளியூர்)

கேட்கவே வேண்டாம், கண்ணு. பத்து மீட்டர் லேன் ஒயர் ஒன்று வாங்கி, ரூட்டரிலிருந்து நேராக லேப்டாப்பில் சொருகு. லேப்டாப்பில் ஓட்டை இல்லையென்றால் யுஎஸ்பி-யில் மாட்டும் சின்ன அடாப்டர் கிடைக்கும். வீட்டில் எல்லாப் போனிலும் அந்த நேரத்துக்கு வைஃபையை அணைக்கச் சொல். அப்பாவின் போனில் ஹாட்ஸ்பாட்டை முன்கூட்டியே லேப்டாப்போடு இணைத்துப் பார்த்து, தயாராக வைத்துக்கொள். ஞாயிறு சாயங்காலம் ஒருமுறை ஒத்திகை பார்த்துவிடு. ஒயர் தளர்ந்திருந்தால் அன்றைக்கே தெரிந்துவிடும்.