கால் நனைத்தல்: மெரினாவை முன்வைத்து ஓர் ஆய்வு

மெரினாவில் கடல் குளியலுக்குத் தடை உண்டு. கரையை விட்டு நாலடி வைத்தால் ஆழம். திரும்பும் அலை ஆளையும் சேர்த்து இழுக்கும். ஆனாலும் அவ்வளவு தூரம் போய்விட்டுக் கடலைத் தொடாமல் வர யாருக்கும் மனம் வருவதில்லை. இந்தச் சிக்கலுக்குச் சென்னைவாசி கண்ட தீர்வே கால் நனைத்தல். அறிஞர் உலகம் இதற்கு ஓர் அத்தியாயம்கூட ஒதுக்காதது வியப்புக்குரியது.

முதலில் வரலாறு. ஆளுநர் கிராண்ட் டஃப் கடலோர நடைபாதை அமைத்து மெரினா என்று பெயர் வைத்தது 1884இல். அதற்குள் துறைமுக வேலையும் தொடங்கியிருந்தது. வடக்கு நோக்கி நகரும் மணலைத் துறைமுகச் சுவர் மறிக்க, தெற்கே கரை அகன்றுகொண்டே போயிற்று; வடக்கே ராயபுரம் பக்கம் கடல் கரையைத் தின்றது. இன்று காமராஜர் சாலையில் இறங்குபவர் அலையைத் தொட ஏறத்தாழ 300 மீட்டர் மணலில் கால் புதைய நடக்க வேண்டும். அந்த இடைவெளியில்தான் பஜ்ஜிக் கடை, பலூன் சுடும் பலகை, ராட்டினம், குதிரை எல்லாம் நிற்கின்றன. மெரினா மிளகாய் பஜ்ஜி துறைமுகப் பொறியாளர்களுக்குக் கடன்பட்டது என்பது இவ்வாய்வின் துணைமுடிவு.

மணலில் சக்கர நாற்காலி போகாது. அதனால் 2022 நவம்பரில் மாற்றுத்திறனாளிகளுக்காக மரப்பாதை திறந்தார்கள். அடுத்த மாதமே மாண்டஸ் புயல் அதன் கடலோர முனையைப் பெயர்த்தது, பிறகு சரிசெய்யப்பட்டது.

இனிச் செய்முறை. குடும்பத்தில் ஒருவர் செருப்புக் காவலுக்கு உட்கார வேண்டும். பெரும்பாலும் தாத்தா. மற்றவர்கள் அலையோரம் போய் நிற்க, அப்பா குனிந்து பேன்ட்டைக் கணுக்காலுக்கு மேல் இரண்டு மடிப்பு மடிக்கிறார். கைபேசி சட்டைப் பைக்கு மாறுகிறது. ஒரு கை அதை அழுத்திப் பிடித்துக்கொள்கிறது. வருகிற அலை விரல் நுனியைத் தொட்டுவிட்டுத் திரும்புகிறது. ஏமாந்தவர் இரண்டடி முன்னே வைக்கிறார். அடுத்தது முட்டிக்கு மேல் அடிக்கிறது. “அப்பவே சொன்னேன்ல?” என்கிறார் மனைவி. அவர் புடவையும் கொசுவம் வரை நனைந்திருக்கிறது. மடிப்பு எவ்வளவு உயரமானாலும் அலை அதற்கு ஒரு சாண் மேலேதான் வரும். இது தெரிந்தும் யாரும் மடிக்காமல் இறங்குவதில்லை. ஆகவே அந்த மடிப்பு துணியைக் காப்பதற்கானது அல்ல. ‘கால் மட்டும்தான்’ என்று வீட்டாருக்கும் கரையில் விசில் ஊதும் காவலருக்கும் கொடுக்கும் உறுதிமொழி என்றே கொள்ள வேண்டும்.

இதன் உச்சம் அலை திரும்பும் நொடி. குதிகாலைச் சுற்றி ஓடும் நீர் அடி மணலை அரித்துப்போக, பாதம் மெல்ல இறங்குகிறது. கண்ணெதிரே நீர் கடல் பக்கம் ஓடுவதால், நிற்கும் ஆள் தானே பின்னால் போவதாக நம்புகிறார். கைக்குழந்தை முதல் பாட்டி வரை எல்லோரும் கத்துவது இங்கேதான். பக்கத்தில் இருப்பவரின் தோளைப் பிடிப்பதும் இங்கேதான், அவர் யாரென்று பார்க்காமலே.

திரும்பி நடக்கையில் ஈரக் காலில் மணல் முழங்கால் வரை அப்பிக்கொள்கிறது. அதைக் கழுவக் காசு கொடுத்து வாங்கிய தண்ணீர் பாட்டிலைத் திறக்கிறார்கள். குடிக்கக் கொஞ்சம் மிச்சம் வைக்கச் சொல்கிறார் தாத்தா. அதற்குள் பேரன் மறுபடியும் கடலைப் பார்த்து ஓடியிருக்கிறான், இந்த முறை மடிக்காமல்.