இரண்டு முதல்வர்களுக்கு நடுவே ஓர் ஆண்டெனா

திருவள்ளூர் மாவட்டத்தின் பழமையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் ஆராய்ச்சியாளர்களுக்கு மூச்சு வாங்கும். பூண்டிப் பக்கத்து அத்திரம்பாக்கத்தில் 15 லட்சம் வருஷத்துக்கு முன்பே ஒரு கூட்டம் உட்கார்ந்து கல்லைக் கொத்திக் கைக்கோடாரி செய்திருக்கிறது. 1863-ல் ராபர்ட் புரூஸ் ஃபூட் அந்தக் கற்களைப் பொறுக்கியெடுத்து உலகத்துக்குக் காட்டினார். எப்படி இவ்வளவு கல்லைக் கொத்தினார்கள் என்று இன்றும் வியக்கிறார்கள். இதில் வியக்க என்ன இருக்கிறது? பொழுது சாய்ந்தால் பார்க்க ஒன்றுமில்லாதவன் கல்லைத்தான் கொத்துவான்.

பிறகு பல்லவர் வந்தார்கள், சோழர் வந்தார்கள். 1613-ல் டச்சுக்காரர்கள் பழவேற்காட்டில் கெல்டிரியா என்று ஒரு கோட்டை கட்டித் துணி வியாபாரம் செய்தார்கள். வாசலில் எலும்புக்கூடு செதுக்கிய கல்லறைத் தோட்டம் ஒன்றை விட்டுவிட்டுப் போனார்கள். பேய்ப் படத்துக்கு செட் தயார், கேமராவைத்தான் யாரும் கண்டுபிடித்திருக்கவில்லை. மற்றபடி 1975 ஆகஸ்ட் 15 வரை எங்கள் பக்கம் குறிப்பிடும்படி எதுவும் நடக்கவில்லை.

அன்றுதான் மெட்ராஸ் தூர்தர்ஷன் பிறந்தது. அங்கிருந்து எங்கள் கும்மிடிப்பூண்டிக்கு நாற்பத்துச் சொச்சம் கிலோமீட்டர். அலை இவ்வளவு தூரம் வரும், ஆனால் வெற்றிலை பாக்கு வைத்து அழைக்க வேண்டும். மொட்டை மாடியில் ஜி.ஐ. பைப்பை நட்டு உச்சியில் ஆண்டெனா கட்டி, திருப்புவதற்கு மேலே ஒரு பையன், பார்த்துச் சொல்ல ஜன்னலில் ஒரு பையன்.

"வந்துச்சா?"

"புள்ளி புள்ளியா வருதுடா. கடல் பக்கம் திருப்பு."

"இப்ப?"

"ஆங், வந்துச்சு வந்துச்சு... கைய எடுக்காத!"

கையை எடுத்தால் போய்விடும். ஒரு தலைமுறைத் தம்பிகள் வெள்ளிக்கிழமை தவறாமல் 'ஒளியும் ஒலியும்' நிகழ்ச்சியைக் கம்பியைப் பிடித்தபடி வெறும் ஒலியாகவே அனுபவித்தார்கள். கீழே இருந்தவர்கள் மட்டும் வாழ்ந்துவிட்டார்களா? நெல்லுக்குப் புகையான் மருந்து அடிப்பதைப் பற்றி 'வயலும் வாழ்வும்' சொன்னதை, வரப்பையே மிதிக்காத ரயில்வே ஊழியர் குடும்பமெல்லாம் வாயைப் பிளந்து பார்த்தது. என்னைக் கேட்டால் அந்தக் காலத்தின் சிறந்த நிகழ்ச்சி 'தடங்கலுக்கு வருந்துகிறோம்' அட்டைதான். நேரம் தவறாது, மிகை நடிப்பு கிடையாது, வருத்தமும் உண்மையானது.

இனி அரசியல் வரலாறு. 1983-லிருந்து 1987 வரை எங்களூர் உலகத்தில் வேறெந்த ஊருக்கும் வாய்க்காத இடத்தில் இருந்தது. மாநில எல்லையான ஆரம்பாக்கத்துக்கு இந்தப் பக்கம் எம்.ஜி.ஆர். முதல்வர், அந்தப் பக்கம் என்.டி.ஆர். முதல்வர். எந்தப் பக்கம் பஸ் ஏறினாலும் ஹீரோ ஆட்சிதான். 1984-ல் ஒரு மாதம் மட்டும் நாதெண்ட்ல பாஸ்கர ராவ் ஆந்திராவில் கௌரவ வேடத்தில் முதல்வராக வந்து போனார். இடைவேளை முடிந்ததும் ஹீரோ திரும்பிவிட்டார்.

இரண்டு ஹீரோவும் கூட்டாகத் தயாரித்த படம் ஒன்று உண்டு: தெலுங்கு கங்கை. 1983-ல் இந்திரா காந்தியை வைத்துப் பூஜை போட்டார்கள். கதைச் சுருக்கம், கிருஷ்ணா நதியில் 12 டி.எம்.சி. தண்ணீர் கால்வாய் வழியாக ஊத்துக்கோட்டைக்கு வந்து பூண்டி ஏரியில் விழுந்து சென்னையின் தாகம் தீர்ப்பது. படம் வெளியானது 1996-ல். அதற்குள் இந்தப் பக்கத்து ஹீரோ மறைந்து ஒன்பது வருஷம் ஓடிவிட்டது, அந்தப் பக்கத்து ஹீரோவும் அதே வருஷம் ஜனவரியில் போய்ச் சேர்ந்தார். பட்ஜெட்டும் இழுவையும் ஒருபுறம் இருக்கட்டும், இரு மாநிலத்திலும் இன்றுவரை ஓடிக்கொண்டிருக்கும் படம் இது ஒன்றுதான், தண்ணீர் வருகிற மாதங்களிலாவது.

யார் பெரிய நடிகர் என்ற சண்டை மட்டும் தீரவில்லை. எங்கள் தெருவில் பாதி வீட்டில் தெலுங்கு, பாதி வீட்டில் தமிழ், கோபம் வந்தால் இரண்டும். 'மாயா பஜார்' ஒன்றுதான் ஓரளவு சமாதானம் பண்ணி வைத்தது. 1957-ல் இரண்டு மொழியிலும் வந்த படம். இங்கேயும் அங்கேயும் என்.டி.ஆரே கிருஷ்ணர். அபிமன்யு மட்டும் பார்டர் தாண்டினால் ஆள் மாறிவிடுவார், அங்கே நாகேஸ்வர ராவ், இங்கே ஜெமினி கணேசன். சாவித்திரி இருவரையும் சமமாகவே காதலித்தார். எஸ்.வி. ரங்கா ராவ் கடோத்கஜனாக உட்கார்ந்து கல்யாண விருந்தைக் காலி பண்ணும் காட்சிக்குப் பிறகு இந்திய சினிமாவில் கிராஃபிக்ஸ் என்று செலவழித்த காசெல்லாம் தண்டம் என்பது என் தாழ்மையான கருத்து. தாழ்மையானது என்றாலும் மாற்றிக்கொள்ள மாட்டேன்.

1984 டிசம்பர் தேர்தலில் எம்.ஜி.ஆர். அமெரிக்க ஆஸ்பத்திரியில் படுத்தபடி, வீடியோவில் மட்டும் தோன்றி ஜெயித்தார். டெக் என்னும் கருவியின் மகிமை எங்களுக்கு அப்போதுதான் விளங்கியது. அதன்பின் தெருவில் ஆளுக்கு ரெண்டு ரூபாய் வசூலித்து டெக்கும் கலர் டி.வி.யும் வாடகைக்கு எடுத்து ராத்திரிக்கு மூன்று படம் போட்டோம். முதலில் சாமி படம், பெரியவர்களுக்காக. இரண்டாவது சண்டைப் படம், எல்லோருக்காக. மூன்றாவது படத்தை முழுக்கப் பார்த்த ஒருத்தரை இந்த மாவட்டத்தில் காட்டினால் ஆயிரம் ரூபாய் தருகிறேன்.

1965-ல் இந்தியை எதிர்த்து எரிமலையாக வெடித்த தமிழ்நாடு, 1987-ல் ஞாயிறு காலை குளித்துத் திருநீறு பூசி, நாமம் இட்டு, இந்தி 'ராமாயண'த்தின் முன் சம்மணம் போட்டது. ஒரு வார்த்தை புரியவில்லை. புரிந்து என்ன ஆகப்போகிறது? கதை நமக்கு வால்மீகியைவிட நன்றாகத் தெரியும். இந்தப் பக்கத்து அம்பும் அந்தப் பக்கத்து அம்பும் நடுவானில் சந்தித்து, குசலம் விசாரித்து, பிறகே மோதும். அந்த நேரத்தில் ஒரு நடை போய் டீ குடித்துவிட்டு வரலாம். எதிர்வீட்டு மாமா மட்டும் ராமராக வந்த அருண் கோவிலை ஒப்புக்கொள்ளவே இல்லை. "ராமுடுன்னா அது ராமாராவுதான்பா. இந்தப் புள்ள நல்ல புள்ள, அவ்ளோதான்." எங்களூர் சிப்காட் தொழிற்பேட்டையில் ஞாயிற்றுக்கிழமை 'ஏ' ஷிப்ட் போட்ட சூப்பர்வைசர்கள், ராவணன் வாங்காத ஏச்சையெல்லாம் வாங்கினார்கள்.

அடுத்து 1988-ல் 'மகாபாரதம்'. பீஷ்மர் முகேஷ் கன்னாவுக்குத் தாடி, கிருஷ்ணர் நிதிஷ் பரத்வாஜுக்குச் சிரிப்பு. நடிப்பு முழுவதும் ஒருத்தருக்குத்தான், சகுனியாக வந்த குஃபி பெயின்டலுக்கு. ஒரு கண்ணைச் சுருக்கி, ஒரு காலை இழுத்து, தாயக்கட்டையை உருட்டுவார் பாருங்கள், அப்படி ஒரு ஆள் மட்டும் எங்கள் பக்கம் லேபர் கான்ட்ராக்ட் எடுத்திருந்தால் பஞ்சபாண்டவர் ஐந்து பேரும் இன்னும் கேஷுவலாகவே இருந்திருப்பார்கள்.

1993 ஏப்ரல் 14-ல் சன் டி.வி. வந்தது. ஆண்டெனாவில் காக்காய் குடியேறியது. 'மர்மதேசம்' தொடரின் 'விடாது கருப்பு' வந்த நாட்களில் 'பி' ஷிப்ட் முடிந்து ராத்திரி பத்தரைக்கு சைக்கிளில் திரும்பியவர்களின் கஷ்டத்தை எந்தத் தொழிற்சங்கமும் கோரிக்கையாக வைக்கவில்லை. வழியில் கோயில் வாசலில் சுதை குதிரை நிற்கும். பத்து வருஷமாக நிற்கிற குதிரைதான். இயக்குநர் நாகா வந்தபிறகு அது நிற்கிறதா, கிளம்பப்போகிறதா என்ற சந்தேகம் வந்துவிட்டது. தைரியசாலிகள் அந்த இடத்தில் பாட்டுப் பாடிக்கொண்டு போனார்கள். நான் நாலு பேர் சேரும்வரை டைம் ஆபீஸிலேயே இருந்தேன்.

மெகா சீரியலை இழுவை என்று திட்டுகிறவர்கள் ஷிப்ட் வேலை பார்க்காதவர்கள். 'சித்தி' ராதிகா, 'மெட்டி ஒலி'யில் ஐந்து பெண்களைக் கட்டிக் கொடுத்துவிட்டு நிம்மதி இல்லாமல் அலைந்த டெல்லி குமார், 'கோலங்கள்' தேவயானி, எல்லோரும் தொழிலாளர் நலனை மனதில் வைத்தே நடந்துகொண்டார்கள். ஒரு வாரம் 'பி' ஷிப்ட் போய்விட்டு வந்து உட்கார்ந்தால், போன வாரம் கையில் எடுத்த காபி டம்ளரை மாமியார் இன்னும் கீழே வைத்திருக்க மாட்டார். 'கோலங்கள்' 2003-லிருந்து 2009 வரை ஆயிரத்து ஐந்நூறு எபிசோடுக்கு மேல் ஓடியது. அபியை ஆதி படுத்திய பாட்டில் பாதி எனக்குத் தெரியாது, ஆனாலும் கதை ஒன்றும் விட்டுப்போகவில்லை.

நடுவில் 2001-ல் 'சிட்டிசன்' வந்தது. அத்திப்பட்டி என்றொரு கிராமமே மேப்பிலிருந்து காணாமல் போனதாக அஜித் கோர்ட்டில் முழங்கினார். மாநிலமே கண்ணீர் விட்டது. கும்மிடிப்பூண்டி லோக்கலில் மட்டும் சிரிப்பு. மீஞ்சூருக்கு முன்னால் தினமும் அத்திப்பட்டு ஸ்டேஷனில் வண்டி நிற்கிறது. போதாததற்கு அத்திப்பட்டு புதுநகர் என்று இன்னொன்றும் இருக்கிறது. காணாமல் போனதற்கு இரண்டு ஸ்டேஷன் கொடுத்த ஒரே ரயில்வே நம்முடையது.

அந்த அத்திப்பட்டில்தான் வட சென்னை அனல் மின் நிலையம். 2006-ல் கலைஞர் ஆட்சி இலவசக் கலர் டி.வி. கொடுக்கத் தொடங்கியது, மாநிலம் முழுக்க ஒன்றரைக் கோடிக்கும் மேல். பதினாலு இஞ்ச். ஏற்கெனவே டி.வி. இருந்த வீட்டில் இரண்டாகிவிட, மாமியாருக்கு ஒரு சேனல், மருமகளுக்கு ஒரு சேனல் என்று குடும்ப நல கோர்ட்டின் சுமை குறைந்தது. 2011-ல் ஜெயலலிதா ஆட்சி மிக்ஸி, கிரைண்டர், ஃபேன் கொடுத்தது. டி.வி. பார்த்துக்கொண்டே மாவாட்ட, மாவாட்டிக்கொண்டே காற்று வாங்க, சகலமும் சர்க்கார் உபயம். கரண்ட் மட்டும் இல்லை. கண்ணுக்கு எதிரே புகைபோக்கி புகைகிறது, சாம்பல் துணியில் படிகிறது, சீரியல் நேரத்துக்குக் கரெக்டாக மின்வெட்டு. கும்மிருட்டில் ஒரு வீட்டு அம்மா அடுத்த வீட்டு அம்மாவுக்கு, அந்த எபிசோடில் என்ன நடந்திருக்கும் என்று தானே கதை சொன்னார். டி.வி.யில் வந்ததைவிட அது நன்றாக இருந்தது.

மொழிச் சண்டை கடைசியில் 'பாகுபலி'யில் தீர்ந்தது. தமிழும் தெலுங்கும் இரண்டுமே ஒரிஜினல் என்றார் ராஜமௌலி. போதாக்குறைக்குக் காலகேயர்கள் பேச மதன் கார்க்கி கிளிக்கி என்று ஒரு பாஷையே உண்டாக்கிக் கொடுத்தார். முதல்முறையாகத் தெருவில் இருபது வீட்டுக்கும் சரிசமமாகப் புரியவில்லை. 2019-ல் சூலூர்ப்பேட்டைப் பக்கம் நூறடி அகலத் திரையோடு ஒரு தியேட்டர் 'சாஹோ'வுடன் திறந்தது. சென்னைக்காரர்கள் கார் எடுத்துக்கொண்டு எங்களைத் தாண்டிப் போனார்கள். திரை நூறடி, கதை ஓரடி. அதே ரோட்டில் ஸ்ரீஹரிகோட்டா ராக்கெட் மாடியிலிருந்தே தெரியும், டிக்கெட் இல்லை, இடைவேளை இல்லை, கிளைமாக்ஸ் முதலிலேயே வந்துவிடும்.

2017-ல் பூந்தமல்லிப் பக்கத்து ஈவிபி ஃபிலிம் சிட்டியில் வீடு ஒன்றைக் கட்டி, பிரபலங்களை உள்ளே தள்ளிப் பூட்டி, கமல்ஹாசன் 'பிக் பாஸ்' நடத்தினார். நூறு நாள். செல்போன் கிடையாது, வெளியே வரக் கூடாது, கொடுத்த வேலையைச் செய்ய வேண்டும், வாராவாரம் ஒருத்தரைக் கணக்கு முடித்து அனுப்புவார்கள். ஓவியாவுக்காக ஊரே ஓட்டுப் போட்டுக்கொண்டிருந்தபோது, ஏரி வேலைக்குப் போய்விட்டு மண்வெட்டியோடு திரும்பிய பெரியம்மா ஒருத்தர் வாசலில் நின்றபடி ஐந்து நிமிஷம் பார்த்தார். இது இன்னாடா என்று கேட்டார். நூறு நாள் உள்ளேயே இருக்கணும் பெரீம்மா, அதான் போட்டி என்றேன்.

"அட, நம்ம நூறு நாள் வேலைதானா?" என்றார். "அங்கயாச்சும் கூலி டயத்துக்கு ஏறுதா?"