நாளைக்கு வா

என் சிறுவயதில், பிள்ளையார்பாளையத்து நெசவில் டிசைனை மாற்றுவது என்றால் அட்டையை மாற்றுவது. ஜக்கார்டு பெட்டியில் ஓர் ஊடைக்கு ஓர் அட்டை. துளை இருந்தால் பாவு நூல் எழும்பும், இல்லாவிட்டால் படுத்திருக்கும். யாளி போய் அன்னம் வரவேண்டுமா? புது அட்டை குத்தி, வரிசை பிசகாமல் கோத்துக் கட்ட வேண்டும். தெருவின் டிசைன்களெல்லாம் அட்டை குத்துகிற மாமாவின் பரணில். கேட்கப் போனால் முதலில் கேள்விதான் வரும்: "யார் வீட்டுப் பையன்டா நீ? யாருக்கு நெய்யறீங்க?" பிறகு, "நாளைக்கு வா." அந்த நாளை, கல்யாண சீசன் முடிந்தும் விடியாது. மனிதருக்கு ஊரெல்லாம் டிசைன் திருடர்கள்.

இன்று எனக்கு லினக்ஸ் பித்து. இங்கே எல்லாம் சட்டப்படி. 1993இல் தொடங்கிய டெபியன் என்ற லினக்ஸ் வெளியீட்டின் களஞ்சியத்தில் ஒரு மென்பொருள் பொதி பழையதாகிவிட்டால், புதுப் பதிப்பை ஏற்றுங்கள் என்று வழுப்பதிவில் எழுதலாம். அதை 'விருப்பப் பட்டியல்' என்ற கடைசித் தட்டில் வைப்பார்கள். பராமரிப்பவர் வாயே திறக்கவில்லையா? வேறோர் உறுப்பினர் அதைத் தாமத வரிசையில் ஏற்றலாம். 15 நாள் வரை அங்கே கிடக்கும், உரியவர் கண்விழித்தால் தடுக்கலாம். அடியோடு கைவிடப்பட்டதை அநாதை என்று அறிவித்துத் தத்துக் கொடுப்பார்கள். மாமாவின் பரணுக்கு இப்படி ஒரு விதி இருந்திருந்தால்!

ஏற்றும் உரிமை வேண்டுமென்றால் மட்டும் கதை வேறு. உங்கள் மறையீட்டுச் சாவியில் உறுப்பினர் ஒருவராவது கையொப்பமிட வேண்டும். நேரில் பார்த்து, அடையாள அட்டையைச் சரிபார்த்து இடுவதே வழக்கம். அப்படி நேரில் பார்க்க வாய்ப்பாக, 2023 ஜனவரியில் விழுப்புரத்தில் மினி டெப்கான்ஃப் என்ற டெபியன் சந்திப்பு நடந்தது. யார் வீட்டுப் பையன் என்ற கேள்வி பாஸ்போர்ட் அளவுக்கு வளர்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

அந்தக் கேள்வி கேட்கப்படாமல் போன கதையும் உண்டு. எக்ஸ்இசட் என்ற சுருக்கு மென்பொருளை ஒருவர் சம்பளமில்லாமல், பெரும்பாலும் தனியாளாகக் கவனித்துவந்தார். 2022இல் முன்பின் தெரியாத சில பெயர்கள் அவரை நச்சரித்தன: ஏன் தாமதம், வேறு ஆளிடம் கொடுங்களேன். பக்கத்திலேயே பொறுமையாகத் திருத்தங்கள் அனுப்பிக்கொண்டிருந்த 'ஜியா டான்' கைக்கு உரிமை போயிற்று. யார் வீட்டுப் பையன் என்று இன்றுவரை தெரியாது. 2024 பிப்ரவரிப் பதிப்பில் ஒரு கள்ளக்கதவு வந்தது. அடுத்த மாதம் டெபியன் வழுப்பதிவில், அதற்கடுத்த பதிப்பையும் ஏற்றும்படி இன்னொரு புதுப்பெயர் எழுதியது. மரியாதையான, முறையான கோரிக்கை. சில நாளில் ஏறியும்விட்டது. மார்ச் 29 அன்று ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் குட்டை உடைத்தார். எஸ்எஸ்ஹெச் வழியாகத் தொலைக்கணினியில் உள்நுழைவது அரை நொடி இழுக்கிறதே என்று விடாமல் துருவியவர் அவர்.

நான் கேட்ட எந்தப் பொதிக்கும் அத்தனை வேகம் வாய்த்ததில்லை.