இரண்டாவதுக்கும் வகுப்பா?

கேள்வி: இரண்டாவது பிரசவத்துக்கும் கர்ப்பகால வகுப்புக்குப் போகணுமா? துணைக்கு மாமியார் வர்றேன்கிறார், கூட்டிப் போகலாமா?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: மூச்சுப் பயிற்சி மறந்திருக்காது, மூத்ததை ஸ்கூலுக்குக் கிளப்பும்போது தினமும் செய்வதுதானே! அதற்காக மறுபடி முழு வகுப்பு வேண்டாம். முதல் பிரசவம் சிசேரியன் என்றால், இந்த முறை சுகப்பிரசவத்துக்கு முயலலாமா, அவசரத்துக்கு அங்கேயே ஆபரேஷன் வசதி உண்டா என்று டாக்டரிடம் இப்போதே கேளுங்கள். முதலாவதே சுகப்பிரசவம் என்றால், இரண்டாவது பெரும்பாலும் சீக்கிரம் முடிந்துவிடும். வலி எடுத்தபிறகு பையைத் தேடாதீர்கள். மூத்ததை யார் பார்த்துக்கொள்வது என்பதையும் முன்பே பேசி வையுங்கள்.

துணை விஷயம்: அரசு மருத்துவமனைப் பிரசவ அறையில் பெண் உறவினர் ஒருவர் கூட இருக்க மத்திய அரசு 2016-இல் அனுமதி தந்தது. அவர் பிள்ளை பெற்றவராக இருந்தால் நல்லது. தொற்றுநோய் இருக்கக் கூடாது. டாக்டர், நர்ஸ் வேலையில் தலையிடக் கூடாது. முதல் இரண்டில் உங்கள் மாமியார் பாஸாகிவிடுவார். மூன்றாவதற்கு, நீங்கள் சாம்பார் வைக்கும்போது பக்கத்தில் நிற்க வைத்துப் பாருங்கள். கொதித்து இறக்கும்வரை வாய் திறக்கவில்லையா? தாராளமாகக் கூட்டிப் போங்கள்!